பென்சிலும் தாளுமாக இந்தியாவைச் சுற்றிய எட்வர்டு லியர்

பழுப்பேறிய ஒரு தாள். அதில் ஒரு மலை.

மலை முகட்டுக்கு மட்டும் நல்ல அழுத்தமான கோடு. அதன் கீழே பள்ளத்தாக்கு. அதற்கும் கீழே, தாளின் அடிப்பக்கத்தில் நாலைந்து மரங்கள். ஒரு மரத்துக்கு இலை இருக்கிறது. பக்கத்து மரத்துக்கு இலை கிடையாது, வெறும் சுழிகள்தான். நடுவே பாதித் தாள் ஒன்றும் வரையாமல் வெள்ளையாகக் கிடக்கிறது.

முதல் தடவை பார்க்கிறவர்கள், வரைந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டாரா என்று கேட்பார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். படத்துக்குள்ளேயே எழுத்து இருக்கிறது! மரத்தின் மேல் அடர்ந்த பச்சை என்று ஒரு சொல். பாறையின் மேல் சாம்பல் என்று ஒரு சொல். தூரத்து மலைமேல் வெளிர் ஊதா என்று இன்னொரு சொல். கீழ் மூலையில் ஊர்ப்பெயர். அதன் பக்கத்தில் தேதி. அதோடு விட்டாரா என்றால் இல்லை. அப்போது மணி என்ன என்றும் குறித்திருக்கிறார். கடைசியில் ஒரு வரிசை எண்.

இப்படி ஆயிரக்கணக்கான தாள்களை விட்டுச் சென்றவர் எட்வர்டு லியர். 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேயர். குழந்தைகளுக்காக அவர் எழுதிய வேடிக்கைப் பாட்டுகளால்தான் உலகம் அவரை அறியும். ஆந்தையும் பூனையும் படகில் ஏறிப் போய்க் கல்யாணம் செய்துகொள்கிற பாட்டை, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டை எழுதியவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில், படம் வரைவது. தமது 61-வது வயதில் அவர் இந்தியாவுக்கு வந்து, தமிழ்நாடு வரை சுற்றினார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இருபதாவது பிள்ளை

லியர் 1812-ம் ஆண்டு மே மாதம் 12-ந்தேதி லண்டனின் வடபகுதியான ஹாலோவேயில் பிறந்தார். பெற்றோருக்கு 21 பிள்ளைகள். லியர் 20-வது பிள்ளை. உடன் பிறந்தவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள்.

தந்தை பங்குத் தரகர். லியருக்கு நாலு வயது ஆனபோது தொழிலில் பெரிய நஷ்டம். கடன் கழுத்தை நெரித்தது. குடும்பம் சிதறியது. அந்தச் சமயத்தில் மூத்த அக்காள் ஆன், தம்பியைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். அக்காளுக்கும் தம்பிக்கும் 21 வயது வித்தியாசம். அக்காள் கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எழுத்துச் சொல்லிக்கொடுத்தது, பூவையும் பறவையையும் பார்த்து வரையச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அக்காள்மார்தான்.

ஐந்தாறு வயதில் லியருக்கு வலிப்பு நோய் வந்தது.

இன்று அதற்கு மருந்து உண்டு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் அது வெளியே சொல்லக்கூடாத நோய். வலிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் லியருக்கு அது தெரிந்துவிடும். உடனே எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நெருங்கிய நண்பர்களுக்குக் கூடத் தெரியாது. டைரியில் மட்டும் வலிப்பு வந்த நாளில் ஒரு பெருக்கல் குறி போடுவார். சாகும்வரை அந்தக் குறிகள் நிற்கவில்லை.

இதோடு ஆஸ்துமா வேறு. கண் பார்வையும் மட்டம். அடிக்கடி காரணம் இல்லாமல் மனம் சோர்ந்துபோகும். இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு, ஊர் ஊராக நடந்து படம் வரைகிற தொழிலை அவர் எடுத்துக்கொண்டார்!

கிளி வரைந்த பையன்

15, 16 வயதிலேயே பிழைப்புக்கு வழி தேட வேண்டியதாயிற்று. விசிறிக்கு வண்ணம் தீட்டினார். கடைகளுக்குச் சிறு படங்கள் வரைந்துகொடுத்தார். டாக்டர்களுக்காக நோயாளிகளின் புண்ணையும் கட்டியையும் பார்த்து வரைந்தார். கிடைத்தது சில்லறைக் காசு.

18 வயதில் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். லண்டன் மிருகக்காட்சி சாலையில் அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே இருந்த கிளிகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்கினார். செத்துப் பாடம் செய்த பறவையைப் பார்த்து வரைவதுதான் அந்தக் காலத்து வழக்கம். லியர் உயிருள்ள கிளியைக் காவலாளி பிடித்துக்கொள்ள, இறக்கையை அளந்து வரைந்தார். அச்சடிக்கும் கல்லின்மேல் தாமே படத்தை வரைந்தார். வேண்டிய பிரதிகள் அச்சானதும் அந்தக் கல்லை அழித்து, அதே கல்லில் அடுத்த கிளியை வரைந்தார். கல் வாங்கி அடுக்கி வைக்கக் கையில் காசு இல்லை.

42 படங்கள். 1832-ல் புத்தகம் முடிந்தபோது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை. அச்சிட்டது 175 பிரதிகள். பணம் மிஞ்சவில்லை. ஆனால் பெயர் மிஞ்சியது. பறவைப் படம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் கிளிகளைச் சொல்லாமல் இருப்பதில்லை.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் டார்பி பிரபு குடும்பம் அவரை அழைத்தது. லிவர்பூல் அருகே நோஸ்லி என்ற மாளிகையில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு மிருகக்காட்சி சாலையே இருந்தது. முதலில் லியருக்குச் சாப்பாடு மேலாளர், வேலைக்காரர்கள் பக்கத்தில். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் திடீர் திடீரென்று காணாமல் போவதைப் பெரியவர் கவனித்தார். எங்கே என்று விசாரித்தால், கீழே லியரிடம்! அவர் சொல்லும் வேடிக்கைப் பாட்டுக்கும் கிறுக்கும் படத்துக்கும் குழந்தைகள் அடிமை. அன்று முதல் லியருக்கு மேலே, குடும்பத்தாருடன் மேஜையில் இடம் போட்டார்களாம். அங்கே பிறந்த பாட்டுகள்தான் 1846-ல் புத்தகமாக வந்தன.

இறகு போய் மலை வந்தது

பறவையின் இறகை இழை இழையாக வரைவதற்குக் கண் ஒத்துழைக்கவில்லை. லண்டன் குளிரும் புகையும் நெஞ்சுக்கு ஆகவில்லை. 1837-ல் டார்பி குடும்பத்தார் உதவியுடன் ரோமாபுரிக்குப் போனார். இறகு வரைந்த கை, மலையும் ஏரியும் வரையத் தொடங்கியது. அதன்பிறகு சொந்த நாட்டில் அவர் நிலையாக வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். இத்தாலி, அல்பேனியா, கிரீஸ், எகிப்து, பாலஸ்தீனம் என்று போய்க்கொண்டே இருந்தார்.

இடையிலே 1846 கோடைக்காலத்தில் ஒரு பெரிய வாய்ப்பு. விக்டோரியா மகாராணிக்குப் படம் வரையக் கற்றுத்தர வேண்டும் என்று அழைப்பு. மொத்தம் 12 பாடங்கள். மகாராணிக்கு வாத்தியார் என்றால் அப்புறம் என்ன, வாழ்க்கை முழுவதும் வசதிதான் என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 1850-ல், 37 வயதில், லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, இளவட்டங்களுடன் உட்கார்ந்து முதலிலிருந்து பாடம் படித்தார். தமக்கு முறையான பயிற்சி இல்லை என்ற குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

எண்ணெய் வண்ணத்தில் பெரிய பெரிய படங்கள் எழுதினால்தான் ஓவியன் என்று ஒப்புக்கொள்வார்கள் என்று அவர் நம்பினார். ஊரே அப்படித்தான் நம்பியது. லெபனான் நாட்டுத் தேவதாரு மரங்களை மிகப் பெரிய படமாகத் தீட்டி, 1861-ல் 700 கினி விலை வைத்தார். பத்திரிகைக்காரர்கள் குறை சொன்னார்கள். வாங்க ஆள் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து 200 கினிக்கு விற்றார். வருஷக்கணக்கில் உழைத்த உழைப்பு அது.

உண்மையில் அவருடைய பெரிய படங்களில் பல, கொஞ்சம் விறைப்பாகத்தான் நிற்கின்றன. எல்லாம் இருக்கிறது, மூச்சு இல்லை. அந்த மூச்சு இருந்த இடம், அவரே பெரிதாக நினைக்காத பென்சில் தாள்கள்.

சூயஸ் வரை போய்த் திரும்பியவர்

1872-ல் இந்தியாவின் வைசிராயாகப் பதவி ஏற்றவர் நார்த்புரூக் பிரபு. லியரின் பழைய நண்பர். இந்தியாவுக்கு வாருங்கள், செலவு என்னுடையது, எனக்குச் சில படங்கள் வேண்டும் என்று அழைத்தார். வேறு சிலரும் படங்களுக்குச் சொல்லிவைத்தார்கள்.

லியர் அப்போது இத்தாலிக் கடற்கரையில் சான் ரீமோ என்ற ஊரில் வீடு கட்டிக் குடியிருந்தார். அந்த ஆண்டே கப்பலேறினார். சூயஸ் வரை போனார். அங்கே மூட்டை முடிச்சு சம்பந்தமாகத் தகராறு. கோபம் வந்து அப்படியே வீடு திரும்பிவிட்டார்! ஒரு வருஷம் மனம் கேட்கவில்லை. 1873 அக்டோபரில் மீண்டும் ஜெனோவாவில் கப்பல் ஏறினார். நவம்பர் 22-ந்தேதி பம்பாயில் வந்து இறங்கினார்.

கூட வந்தவர் ஜார்ஜியோ. இவரைப் பற்றிச் சொல்லாமல் லியர் கதையைச் சொல்ல முடியாது.

ஜார்ஜியோ கிரேக்கர். கார்பு தீவில் குடும்பம். 1856-ல் லியரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சமையல், துணிமணி, படப்பெட்டி சுமப்பது, எஜமானர் நோயில் விழுந்தால் பக்கத்தில் இருப்பது எல்லாம் அவர்தான். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவருக்கு லியரே எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பெண்டாட்டி பிள்ளைகள் ஒரு தீவில், பிழைப்பு வேறு நாடுகளில். 27 ஆண்டுகள் இப்படியே ஓடின. நடுவில் லியர் கோபித்துக்கொள்வார், பிறகு வருத்தப்படுவார். பிரிந்து போகவேண்டும் என்று இருவருமே நினைக்கவில்லை.

பென்சில் ஏன்?

பம்பாயில் இறங்கிய முதல் நாளே லியர் திக்குமுக்காடிப் போனார். அந்த மரங்களும், அந்த வெயிலும், தெருவில் போகிறவர்கள் உடுத்தியிருந்த துணியின் நிறங்களும் அவர் எங்கும் கண்டிராதவை. எதை வரைவது, எதை விடுவது?

இங்கேதான் அவருடைய வேலை முறையைப் பார்க்கவேண்டும்.

அதிகாலையில் புறப்படுவார். கனத்த உடம்பு, தாடி, மூக்குக் கண்ணாடி. பின்னால் ஜார்ஜியோ தாள்களும் சாப்பாடும் சுமந்து வருவார். பிடித்த இடம் வந்ததும் உட்காருவார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எப்போதும் கையில் வைத்திருக்கும் ஒற்றைக் கண் தொலைநோக்கியால் பல நிமிஷம் அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருப்பார். கை அசையாது. பிறகு தொலைநோக்கியைக் கீழே வைப்பார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொள்வார். அதன்பிறகு கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, சான் ரீமோவில் அவரோடு நடந்த பக்கத்து வீட்டுப் பையன் ஹியூபர்ட் காங்கிரீவ் பிற்காலத்தில் வியந்து எழுதியிருக்கிறார்.

வண்ணப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் தண்ணீர் வேண்டும், காய நேரம் வேண்டும். அதற்குள் சூரியன் நகர்ந்துவிடும். நிழல் வேறு பக்கம் விழும். பென்சிலுக்கு ஒன்றும் வேண்டாம். மழைத்துளி விழுந்தால் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். ஒரு நாளில் நாலு இடம், ஐந்து இடம் கூட முடித்துவிடலாம்.

வண்ணத்துக்குத்தான் அந்தச் சொற்கள். எந்த இடத்தில் என்ன நிறம் என்பதை அதே இடத்தில் எழுதிவிடுவார். அவசரத்திலும் விளையாட்டுப் புத்தி போகாது. பாறைகள் என்பதற்கு உரிய இங்கிலீஷ் சொல்லை வேண்டுமென்றே தப்பாக, மூன்றே எழுத்தில் எழுதிவைப்பார். அது அவருக்கே அவர் சொல்லிக்கொண்ட தமாஷ்.

மணி எதற்கு? காலை ஆறு மணிக்குக் கிழக்கே இருந்து விழும் வெளிச்சம் வேறு; பத்து மணிக்கு வேறு. மலை அதே மலைதான், படம் வேறாகிவிடும். மணியைப் பார்த்தால் நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்பது ஆறு மாதம் கழித்தும் நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது இந்தியாவில் போட்டோ பிடிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. இமயமலை வரை கண்ணாடித் தகடுகளைக் கூலிகள் தலையில் ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். ஆனால் அந்தக் காமிராவுக்கு நிறம் தெரியாது. காமிரா செய்ய முடியாததை, லியரின் பென்சில் எழுத்தினால் செய்தது.

ராத்திரியிலோ, ஊர் திரும்பிய பிறகோ, பென்சில் கோட்டின் மேல் பழுப்பு மையினால் மீண்டும் கோடு இழுப்பார். பென்சில் அழிந்துபோகக் கூடியது அல்லவா? அதன்பிறகு, தாம் எழுதிவைத்த சொல்லின்படி நீர்வண்ணத்தை லேசாகத் தடவுவார். இன்று கிடைக்கிற தாள்களில் பென்சில், மை, வண்ணம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் சில இடங்களில் மை ஒரு பக்கம் போகிறது, அடியில் பென்சில் சற்று விலகிப் போகிறது. மைக்கோடு யோசித்து இழுத்தது. பென்சில்கோடு மலையை நேரே பார்த்துக்கொண்டே இழுத்தது. இரண்டில் எது உயிருள்ளது என்று பார்க்கிறவர் கண்ணே சொல்லிவிடும்.

டார்ஜீலிங் மலையில்

பம்பாயிலிருந்து ஜபல்பூர், லக்னோ, காசி. காசியில் அழுதுவடியும் ஊர் ஒன்றை எதிர்பார்த்துப் போனார். படகில் ஏறிக் கங்கைக் கரையைப் பார்த்ததும் அசந்துவிட்டார். படித்துறைகளும் குடைகளும் கோபுரங்களும் நிறங்களும்! படகில் இருந்தபடியே வரைந்தார். கல்கத்தா பிடிக்கவில்லை. வைசிராய் மாளிகை விருந்தும் உபசாரமும் அவருக்கு மூச்சு முட்டியது.

1874 ஜனவரியில் டார்ஜீலிங் போனார். இன்று எல்லாரும் ஏறிப் பார்க்கிற பொம்மை ரயில் வந்தது 1881-ல்தான். லியர் போனபோது மலைப்பாதையில் அந்த வசதி கிடையாது. கடுங்குளிர் மாதம். ஆஸ்துமாக்காரர்.

போன காரியம் கஞ்சன்ஜங்கா. நார்த்புரூக் கேட்டிருந்த படமும் அதுதான்.

மலையைக் கண்டதும் லியருக்கு மலைப்பு. 28 ஆயிரம் அடி. கிரேக்க நாட்டு மலைகளைப் போல மனிதனோடு ஒட்டி உறவாடும் மலை அல்ல அது. எட்டாத தூரத்தில், தெய்வம் மாதிரி நிற்கிறது. இதை எப்படித் தாளில் அடக்குவது என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் விடியுமுன்னே எழுந்து, மேகம் மூடுவதற்குள் வரைந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

அவர் கண்டுபிடித்த வழி இது. மலையை வரைய மலையை மட்டும் வரைந்தால் போதாது. அடியில், பார்க்கிறவன் காலடியில், பெரணிச் செடியும் மரமும் கறுப்பாக, நெருக்கமாக இருக்கவேண்டும். நடுவில் பள்ளத்தாக்கு ஒன்றும் இல்லாமல் திறந்து கிடக்கவேண்டும். அப்புறம்தான் பனிமலை. அந்த நடுவெள்ளைதான் தூரம். அதைக் கோடு போட்டு நிரப்பியிருந்தால் மலை பக்கத்துத் தெருவுக்கு வந்திருக்கும்!

ஆகவே பாதித் தாள் வெள்ளையாகக் கிடக்கிறதே என்று கேட்டோமே, அது சோம்பல் அல்ல. அங்கே காற்று இருக்கிறது. இலை போடாத மரமும் அப்படித்தான். ஒரு மரம் எப்படிப்பட்டது என்று காட்டிவிட்டால், மற்ற மரங்களைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். பாதையில் ஒரு கடுகு அளவு மனித உருவத்தை நிற்கவைப்பார். அந்தக் கடுகுதான் மலையின் உயரத்தைச் சொல்லும்.

பிற்பாடு இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு கஞ்சன்ஜங்காவை எண்ணெய் வண்ணத்தில் மூன்று பெரிய படங்களாகத் தீட்டினார். மரங்களின் நடுவே ஒரு சிறு கோயில், ஆட்கள், பின்னால் ரோஜா நிறத்தில் பனி என்று எல்லாம் சரியாகவே இருக்கின்றன. அவருடைய பெரிய படங்களில் அவை மேலானவை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் குளிரில் விரல் விறைத்தபடி இழுத்த அந்த முகட்டுக் கோட்டின் துடிப்பைப் பெரிய படத்தில் தேடினால் கிடைக்காது.

தெற்கே வந்தார்

ஆக்ரா, டில்லி, ஹரித்துவாரம், சிம்லா என்று வடக்கே சுற்றிவிட்டு, மழைக்காலத்தில் பூனாவில் தங்கினார். 1874 ஜூலையில் ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதிப் பம்பாய் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார். வெள்ளைக்காரர் வீடுகளில் தினமும் காதில் விழும் தோபி, சப்ராசி, ஆயா போன்ற சொற்களை எடுத்து, பொருளைத் தலைகீழாக்கி, தோபியை உட்காரும் ஆசனமாகவும், கமர்பந்த் என்ற இடுப்புக் கச்சையை ஆளை விழுங்கும் மிருகமாகவும் மாற்றிவிட்டார். பாஷை தெரியாத ஊரில் போய் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அந்தத் தமாஷின் அருமை தெரியும்.

ஐதராபாத், பெங்களூர் வழியாகச் சென்னைக்கு வந்தார். மாமல்லபுரம் அவருக்கு மிகவும் பிடித்தது. காஞ்சிபுரத்தில் வரைந்தார். திருச்சி மலைக்கோட்டை அவருக்கென்றே செய்து வைத்தது மாதிரி. சமவெளியில் தனியாக எழும்பிய ஒரே பாறை; உச்சியில் கோயில். கிரீஸ் நாட்டில் பாறை உச்சியில் மடங்களைத் தேடித் தேடி வரைந்தவர் அல்லவா? தஞ்சைக்குப் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்தார்.

பிறகு நீலகிரி. குன்னூரும் அதன் பள்ளத்தாக்கும் மனதுக்கு இசைந்தன. ஊட்டி ஒத்துவரவில்லை. இங்கிலாந்தை விட்டு இவ்வளவு தூரம் வந்து, மறுபடி ஓர் இங்கிலாந்தையா பார்க்கவேண்டும் என்று அலுத்துக்கொண்டார். அங்கிருந்து மலையாளக் கரை, அப்புறம் இலங்கை. இலங்கையில் ஜார்ஜியோ வயிற்றுக்கடுப்பில் படுத்துவிட்டார். அத்தனை வருஷம் தம்மைக் கவனித்துக்கொண்டவரை இந்தத் தடவை லியர் கவனித்துக்கொண்டார்.

1875 ஜனவரியில் பம்பாயில் கப்பல் ஏறினார்கள். சுமார் 14 மாதம். ஏறக்குறைய 2 ஆயிரம் படங்கள். சிறு நோட்டுப் புத்தகக் கிறுக்கல் முதல் பெரிய தாள் வரை எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அப்படி இருந்தும் 62 வயதுக்காரருக்கு ஒரு நாளைக்கு நாலு படத்துக்கு மேல்!

இரண்டு கல்லறைக் கற்கள்

சான் ரீமோ வீட்டின் எதிரே ஒரு பெரிய ஓட்டல் எழும்பியது. வரைவதற்கு வேண்டிய வெளிச்சம் போயிற்று. லியர் கடன்பட்டு வேறு வீடு கட்டினார். பழைய வீட்டைப் போலவே அறைக்கு அறை அச்சாகக் கட்டினாராம். வளர்ப்புப் பூனை பாஸ் வழி தெரியாமல் குழம்பக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார் என்று ஒரு கதை உண்டு.

1883-ல் ஜார்ஜியோ இறந்தார். 1887-ல் பூனையும் போயிற்று. 1888-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி லியர் கண் மூடினார். வயது 75. சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலரே. சான் ரீமோ மயானத்தில் அவருடைய கல்லின் பக்கத்திலேயே ஜார்ஜியோவின் நினைவுக்கல்லும் நிற்கிறது.

படங்கள் எல்லாம் அவருடைய நண்பர் பிராங்க்ளின் லஷிங்டனுக்குப் போயின. அவர் காலத்துக்குப் பின் அந்தக் குடும்பம் 1929-ல் லண்டனில் ஏலம் போட்டது. பென்சில் தாள்களுக்கு யாரும் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. கட்டுக்கட்டாக மலிவு விலைக்குப் போயின. அமெரிக்கர்கள் பிலிப் ஹோபர், ஆஸ்குட் பீல்டு இருவரும் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். 1942-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவில் அவர் எழுதிய டைரியும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1953-ல் அது புத்தகமாக அச்சாகியது.

இந்தியாவில் வரைந்த தாள்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் அந்த நூலகத்தின் பெட்டிகளில் இருக்கின்றன. வண்ணம் பூச நேரம் கிடைத்தவையும் உண்டு. நேரம் கிடைக்காதவையும் உண்டு. பூசாத தாள்களில் பச்சை என்றும் ஊதா என்றும் மணல் என்றும் பென்சில் எழுத்து மட்டும் நிற்கிறது. மூலையில் ஊரும், தேதியும், மணியும்.